வெளிநாட்டு நில அதிர்வுமானி: எதை வாங்கலாம், யாருக்கு எது பொருந்தும்

சில மாதங்களுக்குள் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் பொறியியல் கல்லூரியில் சிவில் துறைப் பேராசிரியர். ஆய்வுக்கூடத்துக்கு ஒதுக்கிய பணத்தை மார்ச்சுக்குள் செலவு செய்தாக வேண்டும். இன்னொருவர் ஓர் அணையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். மூன்றாமவர் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றின் இயற்பியல் ஆசிரியை. மூவர் கையிலும் வெளிநாட்டுக் கொட்டேஷன்கள். "இதுல எது சார் நல்ல கருவி?" என்றுதான் மூவரும் கேட்டார்கள்.

அந்தக் கொட்டேஷன்களில் இருந்த கருவிகள் எல்லாமே நல்லவைதான். நில அதிர்வுமானி செய்து உலகத்துக்கு விற்பவர்கள் கொஞ்சம் பேர். கனடாவில் நானோமெட்ரிக்ஸ், இங்கிலாந்தில் குரால்ப், அமெரிக்காவின் பசடீனாவில் கினமெட்ரிக்ஸ், சுவிட்சர்லாந்தில் ஜியோசிக், ஜெர்மனியில் லென்னார்ட்ஸ், தைவானில் சான் லியன், பனாமாவில் ராஸ்பெர்ரி ஷேக். இன்னும் சிலரைச் சேர்த்தால் பட்டியல் கிட்டத்தட்ட முடிந்துவிடும். இவ்வளவு சின்னச் சந்தையில் மோசமான பொருளை விற்று நிலைக்க முடியாது. நான் பார்த்த தோல்விகள் வேறு மாதிரியானவை. நல்ல கருவியைத் தவறான வேலைக்கு வாங்கியிருப்பார்கள்; இல்லையென்றால் நல்ல கருவி பழுதாகி, திருப்பியனுப்ப வழி தெரியாமல் அலமாரியில் கிடக்கும்.

இந்த இறக்குமதி நமக்குப் புதிதும் இல்லை. 1897 ஜூன் 12 அசாம் நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜான் மில்ன் வடிவமைத்த அதிர்வுமானிகள் இந்தியாவுக்கு வந்தன. 1899-இல் கொடைக்கானலும் அந்த வரிசையில் சேர்ந்தது. 1960-களில், நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கும் தேவையால் அமெரிக்கா உலகெங்கும் சுமார் 120 நிலையங்களுக்கு ஒரே மாதிரிக் கருவிகளைக் கொடுத்தது. அதிலும் கொடைக்கானல் இருந்தது. அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: கருவியோடு நிறுத்தாமல் பதிவுத் தாளையும் உதிரிப் பாகங்களையும் தொடர்ந்து அனுப்பினார்கள். இன்றைய கொட்டேஷன்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த அதிர்வு வேண்டும்? எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் நம்மிடம் வரும் மேற்பரப்பு அலைகள் ஒருமுறை ஏறி இறங்க 20 வினாடி ஆகும். பக்கத்து மாவட்டத்தில் வரும் சிறு அதிர்வோ ஒரே வினாடியில் பலமுறை துடிக்கும். கட்டடத்தைப் பிளக்கிற குலுக்கல் மூன்றாவது ரகம். அதைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் பங்காக, அதாவது "ஜி" கணக்கில் அளக்கிறோம். இந்த மூன்றையும் ஒரே சென்சார் ஒழுங்காகப் பிடிக்காது. மூன்றும் பிடிக்கும் என்று விற்பனையாளர் சொன்னால், பெட்டிக்குள் எத்தனை சென்சார் இருக்கிறது என்று கேளுங்கள்.

எங்கே வைக்கப் போகிறீர்கள்? பாறையா களிமண்ணா, பேருந்துச் சாலை எவ்வளவு தூரம், மின்சாரம் உண்டா, கடல் பக்கமா.

நின்றுபோனால் யார் சரிசெய்வார்கள்? இந்தியாவிலேயே திறந்து பார்க்க ஆள் இருக்கிறாரா, தொழிற்சாலைக்குத்தான் அனுப்ப வேண்டுமா, எத்தனை மாதம்.

தரவு எந்த வடிவத்தில், யார் கையில்? மினிசீட் என்ற பொது வடிவமும் சீட்லிங்க் என்ற பொது அனுப்புமுறையும் இருந்தால் எந்த மென்பொருளிலும் படிக்கலாம். நிறுவனத்துக்கென்றே தனி வடிவம் என்றால் அவர்களுடைய மென்பொருளுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

ஐந்து வருடத்துக்கு மொத்தச் செலவு என்ன? கொட்டேஷனின் அடியில் இருக்கும் தொகை முதல் நாள் செலவு மட்டும்தான்.

## பிராட்பேண்ட் அதிர்வுமானி

இந்தத் துறையில் இதுதான் உச்சம். (பிராட்பேண்ட் என்றால் இங்கே அகன்ற அலைவரம்பு; இணையத்தோடு தொடர்பில்லை.) உள்ளே இருக்கும் எடை நகராதபடி மின்விசையால் பிடித்துவைத்து, அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டது என்பதையே அளவாக எடுக்கும் ஏற்பாடு. 120 வினாடி நீள அலையிலிருந்து வினாடிக்குப் பல பத்துத் துடிப்பு வரை ஒரே சென்சாரில் கிடைக்கும். உலகின் எந்த மூலையில் பெரிய நிலநடுக்கம் வந்தாலும் உங்கள் திரையில் தெரியும்.

இது பொருந்தும் இடங்கள் தெளிவானவை: தேசிய வலைப்பின்னலின் நிலையங்கள், சுனாமி எச்சரிக்கைக்காக நிலநடுக்கத்தின் அளவைச் சீக்கிரம் கணிக்க வேண்டியவர்கள், பூமியின் உள்ளமைப்பை ஆராய்கிறவர்கள். 2004 டிசம்பர் 26 மாதிரியான 9 அளவைத் தாண்டிய நிகழ்வின் உண்மை அளவு நீண்ட அலைகளில்தான் ஒளிந்திருக்கும். குட்டைக் கால அலைகளை மட்டும் பார்ப்பவருக்கு அது சிறியதாகத் தோன்றும்.

ஆனால் அருகில் பலமான அதிர்வு வந்தால் இது திணறிவிடும். இத்துறையின் அளவுகோலாக இருந்த எஸ்.டி.எஸ்-2 சென்சாரே தரை வினாடிக்கு 13 மில்லிமீட்டர் வேகத்தைத் தொட்டதும் உச்சம் வெட்டப்பட்ட அலையைத்தான் கொடுக்கும். எந்த நாளுக்காக வாங்கினீர்களோ அந்த நாளில் பதிவு பயன்படாமல் போகலாம்.

மறைந்திருக்கும் செலவு குழியில் இருக்கிறது. சென்சாரும், அதன் சிக்னலை எண்களாக மாற்றிப் பதியும் டிஜிட்டைசரும் சேர்ந்து பல ஆயிரம் டாலர் என்பது எல்லோருக்கும் தெரியும். பாறை வரை தோண்டிய குழி, தண்ணீர் புகாத மூடி, வெப்பம் ஏறி இறங்காத உறை, மின்னல் பாதுகாப்பு ஆகியவை கொட்டேஷனில் வராது. கல்லூரி மூன்றாவது மாடி ஆய்வுக்கூடத்தில் மேசைமேல் வைக்கப்பட்ட பிராட்பேண்ட் சென்சாரை நான் பார்த்திருக்கிறேன். வெயில் ஏற ஏறக் கட்டடம் சாய்கிற சாய்வைத்தான் அது நாள் முழுக்க உண்மையாகப் பதிந்துகொண்டிருந்தது. நகரத்துப் போக்குவரத்துச் சத்தம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். அந்தச் சத்தம் துடிப்பு அதிகமான பக்கத்தில் இருக்கும், தொலைதூர நிலநடுக்கத்தின் நீண்ட அலைகள் அதற்குக் கீழே தப்பித்து வந்துவிடும். கடலோரத்தில் கடலலைகளே சில வினாடிக் கால இடைவெளியில் தரையை ஓயாமல் ஆட்டும். அதைத் தவிர்க்க முடியாது, கணக்கில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

## வலுவான குலுக்கலுக்கான ஆக்சலரோகிராஃப்

1967 டிசம்பர் 11 மகாராஷ்டிரத்தின் கொய்னா நிலநடுக்கத்தில் அணைக்குள் இருந்த ஆக்சலரோகிராஃப், அதாவது குலுக்கலின் முடுக்கத்தைப் பதியும் கருவி, 0.63 ஜி வரை பதிந்தது. சுமார் 6.3 அளவுள்ள அதிர்வு, காப்பாற்றப்பட்ட ஒரு பதிவு. உலகம் முழுக்க அணைப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக அந்தப் பதிவை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில் நிலைமை தலைகீழ். நமக்குக் கிடைத்த முக்கியமான பதிவு மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால், அகமதாபாத்தில் ஒரு கட்டடத்துக்குள் இருந்த கருவியிலிருந்து வந்தது. அங்கே சுமார் 0.11 ஜி. புஜ்ஜிலும் பச்சாவிலும் தரை எவ்வளவு ஆடியது என்று அளந்த பதிவு நம்மிடம் இல்லை. அத்தனை பேரை இழந்தும் அந்த எண் கைக்கு வரவில்லையே என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆக்சலரோகிராஃப் செய்வது இதைத்தான்: 2 ஜி, 4 ஜி வரை வெட்டுப்படாமல் பதியும். நுட்பமான தொலைதூர அதிர்வு எதுவும் தெரியாது. வருடக்கணக்கில் ஒன்றும் பதியாமல் கிடக்கலாம். அதனால்தான் இதைக் கவனிப்பார் இல்லாமல் போகிறது. பேட்டரி செத்து, மெமரி கார்டு நிரம்பி, யாரும் பார்க்காமல் இருக்கும். வாங்கும்போதே மாதத்துக்கு ஒருமுறை தானாகச் சோதனைத் துடிப்பு கொடுத்து அறிக்கை அனுப்பும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

அணைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 30 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ள குறிப்பிட்ட அணைகளுக்கு அருகில் நில அதிர்வு நிலையம் வேண்டும் என்கிறது. அதில் நுண் அதிர்வு, வலுவான அதிர்வு இரண்டையும் பதிய வேண்டும் என்று இருக்கிறது. ஆக்சலரோகிராஃப் மட்டும் வாங்கினால் பாதி வேலைதான் முடியும். ஆறு சேனல் டிஜிட்டைசர் ஒன்றை வாங்கி, மூன்றில் ஆக்சலரோமீட்டரும் (முடுக்கமானி) மூன்றில் நுண் அதிர்வு சென்சாரும் இணைப்பது, இரண்டு தனிப் பெட்டிகளாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு. பராமரிப்பும் ஒரே கையில் இருக்கும்.

இதே குடும்பத்தில் மலிவான கிளை ஒன்று இருக்கிறது: கைப்பேசியில் இருக்கும் வகைச் சில்லை வைத்துச் செய்த மெம்ஸ் கருவிகள். தைவானின் பி-அலர்ட் இந்த ரகம். அங்கே பள்ளிகளில் நூற்றுக்கணக்கில் வைத்து முன்னெச்சரிக்கை வலை அமைத்திருக்கிறார்கள். உத்தராகண்டில் ஐ.ஐ.டி. ரூர்க்கி அமைத்த முன்னெச்சரிக்கை அமைப்பிலும் இந்த வகைக் கருவிகள் உண்டு. தனியாக ஒன்று வாங்கினால் பெரிய பயன் இல்லை. நெருக்கமாகப் பல வைத்தால்தான் இதற்கு உயிர்.

## ராஸ்பெர்ரி ஷேக்

எண்ணெய்த் தேடலுக்காக உலகம் முழுக்கப் பெருவாரியாகச் செய்யப்படும் 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் (தரை அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் சிறு சென்சார்), கூடவே 24 பிட் டிஜிட்டைசர் அட்டை, அதன் அடியில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி. பனாமாவிலிருந்து சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. ஒரு ஜியோஃபோனோடு மூன்று மெம்ஸ் முடுக்கமானி சேர்ந்த 4டி மாடல் இன்னும் கொஞ்சம் விலை கூடும். பக்கத்து அதிர்வுகளை நன்றாகப் பிடிக்கும். தொலைதூரப் பெரிய நிலநடுக்கத்தின் முதல் அலையும் அமைதியான இடத்தில் தெரியும். 20 வினாடி மேற்பரப்பு அலைகளுக்கு இதை நம்ப வேண்டாம்.

இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குபவர்களுக்கு ஹைட்டியைக் காட்டுவேன். 2010 நிலநடுக்கத்தின்போது அந்த நாட்டில் அதிர்வு வலைப்பின்னலே இல்லை. பிறகு வெளிநாட்டு உதவியால் உயர்தரக் கருவிகள் வந்தன. பராமரிக்கப் பணமும் மின்சாரமும் இல்லாமல் அவை தடுமாறின. 2021 ஆகஸ்ட் 14-இல் 7.2 அளவில் மறுபடியும் அடித்தபோது, சாதாரண மக்கள் வீட்டில் வைத்திருந்த ராஸ்பெர்ரி ஷேக்குகளின் தரவுதான் பின்னதிர்வுகளை ஏறக்குறைய உடனுக்குடன் இடம்காண உதவியது. நேபாளத்திலும் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு பள்ளிகளில் இதே கருவிகளை வைத்து வலைப்பின்னல் அமைத்தார்கள். முதல் கட்டத்தில் 22 பள்ளிகள். பழுதானால் பள்ளியிலேயே எஸ்.டி. கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது சாதாரண வசதி இல்லை.

குறைகளும் உண்டு. இணையம் வழியாக நேரம் பிடிப்பதால் துல்லியம் மில்லிவினாடிக் கணக்கில் அலையும், துல்லியம் வேண்டுமென்றால் ஜி.பி.எஸ். தனியாக வாங்கிச் செருக வேண்டும். தரவு வெளியே உள்ள அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். வேண்டாம் என்றால் அமைப்பில் நிறுத்திவைக்கலாம். அணை மாதிரி இடத்தில் இதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் மின்சாரம். நல்ல சிறிய பிராட்பேண்ட் சென்சார் ஒன்று 0.2 வாட் அளவில் ஓடிவிடும். பை கணினிக்குத் தொடர்ந்து சில வாட் வேண்டும். மின்கம்பி இல்லாத காட்டில் சோலார் தகடும் பேட்டரியும் சேர்த்துப் பார்த்தால் மலிவுக் கருவியின் விலை சத்தமில்லாமல் ஏறிவிடும்.

## ஜியோஃபோனை வாங்கி நாமே கட்டுவது

சில ஆயிரம் ரூபாயில் மாணவர்களுக்கு அருமையான பாடம். ஆனால் அளவீட்டுச் சான்று இல்லாத பதிவை எந்த வலைப்பின்னலும் எடுத்துக்கொள்ளாது. படிப்புக்கு மட்டும் சரி.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பிராட்பேண்ட் | ஆக்சலரோகிராஃப் | ராஸ்பெர்ரி ஷேக் | சொந்தக் கட்டு |
|---|---|---|---|---|
| தொலைதூரப் பெரிய நிலநடுக்கம் | மிக நன்று | தெரியாது | ஓரளவு | அரிது |
| பக்கத்துச் சிறு அதிர்வு | நன்று | பெரும்பாலும் தெரியாது | நன்று | ஓரளவு |
| பக்கத்துப் பலமான குலுக்கல் | வெட்டுப்படும் | இதற்கே பிறந்தது | 4டி மாடலில் மட்டும் | வெட்டுப்படும் |
| இடம் | பாறைக் குழி | கான்கிரீட் தளத்தில் போல்ட் | தரைத்தள மூலை | எங்கும் |
| பழுது | பெரும்பாலும் வெளிநாடு | ஏஜென்ட் அல்லது வெளிநாடு | பெரும்பாலும் நாமே | நாமே |
| மறைந்த செலவு | குழி, திருப்பியனுப்பல் | பேட்டரி, கவனிப்பு | மின்சாரம், ஜி.பி.எஸ். | நம் நேரம் |

## கஸ்டம்ஸைத் தாண்டி வரும் வழி

இந்தப் பகுதியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் வரவழைத்த முதல் சென்சார் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ஆறு வாரம் கிடந்தது. இன்வாய்ஸில் வெறுமனே "எலக்ட்ரானிக் சென்சார்" என்று எழுதியிருந்தார்கள். அது என்ன, எந்த வரித் தலைப்பில் வரும் என்று கேள்விமேல் கேள்வி. ஒவ்வொரு நாளும் டெமரேஜ் (கிடங்கில் கிடப்பதற்கான தாமதக் கட்டணம்) ஏறியது. கடைசியில் கிடங்குக்குக் கட்டிய பணத்தில் குழிக்கு மூடியே போட்டிருக்கலாம்.

புவி இயற்பியல் கருவிகள் 9015 என்ற எச்.எஸ். தலைப்பில் (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) வரும். இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் அந்த எண்ணையும், "நில அதிர்வு அளக்கும் கருவி" என்ற விளக்கத்தையும் விற்பனையாளரையே எழுதச் சொல்லுங்கள். சென்சார், டிஜிட்டைசர், கேபிள் தனித்தனிப் பெட்டியில் வந்தாலும் ஒரே அமைப்பு என்று குறிப்பிடச் சொல்லுங்கள். கருவியில் வைஃபை இருந்தால் அதற்குத் தனியாக ஒயர்லெஸ் ஒப்புதல் கேட்பார்கள். ராஸ்பெர்ரி ஷேக்கில் பை கணினி இல்லாமல் அட்டையும் ஜியோஃபோனும் மட்டும் தருவித்து, பை கணினியை இங்கேயே கடையில் வாங்கிக்கொண்டால் இந்தத் தலைவலி குறையும்.

வரியில் பலர் பழைய கணக்கை வைத்திருக்கிறார்கள். அரசு நிதியில் நடக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. சலுகை இருந்தது; 2022 ஜூலையில் அது போய்விட்டது. இப்போது 18 சதவீதம் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும். அதுவும் கருவி விலையின்மேல் மட்டும் இல்லை, சரக்குக் கட்டணம், காப்பீடு, சுங்கவரி எல்லாம் சேர்ந்த தொகையின்மேல். கொட்டேஷனில் எக்ஸ் ஒர்க்ஸ் என்று இருந்தால் தொழிற்சாலை வாசலிலிருந்து எல்லாமே உங்கள் செலவு. நம் வாசல்வரை வரியோடு என்றால் விலை கூடத் தெரிந்தாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்டர் போடுவதற்கும் பணம் அனுப்புவதற்கும் நடுவில் பல மாதம் ஓடும், டாலர் அதற்குள் ஏறும். பட்ஜெட்டில் அதற்கு இடம் விடுங்கள்.

டெண்டர் விதிகளையும் முன்னாலேயே பாருங்கள். மத்திய அரசு 2020 மே மாதம் 200 கோடி ரூபாய்க்குக் கீழ் உலகளாவிய டெண்டர் கூடாது என்றது. ஆராய்ச்சிக் கருவிகளுக்கு அதில் பின்னர் தளர்வுகள் வந்தன. உங்கள் நிறுவனம் அதற்குள் வருகிறதா என்று பர்ச்சேஸ் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம்மோடு நில எல்லை உள்ள நாட்டு நிறுவனங்கள் அரசு டெண்டரில் கலந்துகொள்ள முன்பதிவு வேண்டும் என்ற விதி அதே ஆண்டு ஜூலையில் வந்தது. சீனத்து மலிவுக் கொட்டேஷன் இந்த இடத்தில்தான் நின்றுபோகும்.

அடுத்தது திருப்பியனுப்புவது. பழுதுபார்க்க வெளிநாடு போய்த் திரும்பும் கருவிக்கு, விதிமுறைப்படி அனுப்பியிருந்தால், முழு மதிப்புக்கும் மறுபடி வரி கட்ட வேண்டியதில்லை. பழுதுக் கட்டணம், போக்குவரத்து, காப்பீடு இவற்றின்மேல் மட்டும்தான். போனதும் வந்ததும் ஒரே கருவி என்று நிரூபிக்க வேண்டும். சீரியல் எண் முதல் இறக்குமதியின்போது சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியிலேயே இருந்தால் இது ஒரு நாள் வேலை, இல்லாவிட்டால் மாதக்கணக்கு. உத்தரவாதத்தில் நிறுவனமே இலவசமாகச் சரிசெய்தாலும் போகவர விமானச் செலவு யாருடையது என்பதை ஆர்டரில் எழுதியிருக்க வேண்டும். உள்ளூர் ஏஜென்ட் நாளை வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டால் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்ன ஆகும் என்பதையும்தான்.

## மூவருக்கும் நான் சொன்னது

பேராசிரியர் பிராட்பேண்ட் வேண்டும் என்று ஆசைப்பட்டார். கல்லூரியில் குழி தோண்ட இடம் இல்லை, மாணவர்கள் செய்வது கட்டடங்களின் அதிர்வு ஆய்வு. அந்தப் பணத்தில் ஒரு தரமான ஆக்சலரோகிராஃபும் நான்கு ராஸ்பெர்ரி ஷேக் 4டியும் வாங்கி, ஒரே கட்டடத்தின் தளங்களில் வைக்கச் சொன்னேன். தரமான கருவியின் பக்கத்தில் மலிவானதை ஒரு வாரம் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு செமஸ்டர் புராஜெக்ட் ஆகும்.

அணைப் பொறியாளருக்கு ஆறு சேனல் வழி. மினிசீட் வடிவம் கட்டாயம் என்று டெண்டரில் எழுதச் சொன்னேன். உதிரி டிஜிட்டைசர் ஒன்றையும் முதல் ஆர்டரிலேயே சேர்க்கச் சொன்னேன். விலை கேட்டு மேலதிகாரி தயங்கினால் கொய்னாவின் அந்த 0.63 ஜி பதிவைக் காட்டும்படியும் சொன்னேன்.

ஆசிரியைக்கு ஒற்றை ஜியோஃபோன் ராஸ்பெர்ரி ஷேக், பை கணினி இல்லாமல். தரைத்தளத்தில் ஆய்வக மூலையில் சிமெண்ட்டில் ஒட்டிய பளிங்குத் துண்டின்மேல் வைக்கச் சொன்னேன். கோயம்புத்தூர் 1900 பிப்ரவரி 8-இல் ஆடிய மண் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார். முதல் மாதம் காலை பிரேயருக்கு ஐந்நூறு பிள்ளைகள் ஓடிவருவதுதான் பெரிதாகப் பதியும். அதை அழிக்காமல் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். உண்மையான அதிர்வு வரும்போது அது எப்படி வேறுபடுகிறது என்று காட்ட அந்தப் பதிவு வேண்டும்.